புத்தகப்படி

நானூற்று எண்பது என்கிற எண்ணை வேன்காரனிடம் சொன்னது டிக்கெட்டக்காவேதான். அதுவும் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். பிற்பாடு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவன்மேல் என்றால், மீதிப் பாதி அன்று சாயங்காலம் சும்மா கிடக்காத தன் வாயின்மேல்.

வேன்காரன் அவள் புருஷனின் தம்பி. அண்ணனுக்கும் தம்பிக்கும் வீடு இரண்டு, முற்றம் ஒன்று. அண்ணனுக்கு ரயில்வே கேட்டில் வேலை. ஊருக்கு அவர் கேட்காரர். தம்பி, காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்த வண்டியை விற்றுவிட்டு, பதினெட்டு சீட்டு வேன் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தான். அதை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக முற்றத்தில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் பிற்பகல் இரண்டு மணி ஷிப்ட். அதனால் சாயங்காலச் சாப்பாடு அண்ணி கையால்தான்.

டிக்கெட்டக்காவின் உத்தியோகம் அரை உத்தியோகம். அந்த ஊர் ஸ்டேஷன் பேருக்குத்தான் ஸ்டேஷன். ஒரு நடைமேடை, ஒரு மரம், ஒரு அறை. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் டிக்கெட் விற்க ரயில்வே வெளியாள் ஒருவரை ஏஜெண்டாக வைக்கும், கமிஷன் கொடுக்கும். பதினோரு வருஷமாக அந்த ஏஜெண்ட் அவள்தான். அந்த அறை, அந்தச் சன்னல், அட்டை டிக்கெட் அடுக்கிய மரப்பெட்டி, தேதி அடிக்கிற இரும்பு மிஷின், எல்லாவற்றையும் அவள் போட்டுக்கொள்ளாத நகையைப்போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். முன்பெல்லாம் நாளைக்கு நாலு பாசஞ்சர் நின்றது. இப்போது காலை ஆறு நாற்பதுக்கு நகரத்துக்குப் போவது ஒன்று, சாயங்காலம் திரும்புவது ஒன்று. ஒன்பது பெட்டி ஐந்தாகிவிட்டது. கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டு எங்காவது வெட்டவெளியில் அரைமணி நேரம் நின்றாலும் கேட்பாரில்லை.

அன்று காலை ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து சன்னல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினார். டிக்கெட் விற்பனை குறைந்த ஸ்டேஷன்களில் வண்டியை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்களாம்.

"பன்னெண்டு வேலைநாள் கணக்கெடுப்பும்மா. நானூத்தி எண்பது டிக்கெட் வித்திருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் அடுத்த மாசத்துலருந்து வண்டி இங்க நிக்காது. கடைசி நாள் நானே வந்து பக்கத்துல உக்காந்துக்குவேன்."

"நாளைக்கு நாப்பதுதானே சார்? எங்க ஊருல எழுவதுக்குக் கொறஞ்சு ஏறினதே இல்ல."

"அப்ப கவலை இல்ல. ஆனா ஒண்ணு. நீங்களே எடுத்துப் போட்டு நிரப்பிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. சில இடத்துல அப்படிப் பண்ணி மாட்டிக்கிட்டாங்க."

இதை அப்படியே அவள் சாயங்காலம் வேன்காரனிடம் சொல்லிச் சிரித்தாள். "நானூத்தி எண்பதாம். ஏழே நாள்ல முடிச்சுக் கையில குடுத்துடுவேன் தம்பி."

அவன் பருப்பைப் பிசைந்துகொண்டே கேட்டான். "கொறஞ்சா வண்டியே நிக்காதா அண்ணி?"

"நிக்காது."

"எப்பலருந்து எண்ணுறாங்க?"

"திங்கக்கெழமை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போடுங்க அண்ணி," என்று தட்டை நீட்டினான் அந்த நல்ல பிள்ளை.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே வேன் வந்து நின்றது. கழுவித் துடைத்து, சீட்டுகளுக்குப் புது உறை போட்டு, கண்ணாடியில் ஒரு அட்டை: 'நகரம் வரை. இரண்டு வாரம் இலவசம்.' மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். பொடித் தூறல். வேன்காரன் குடையோடு கீழே நின்று வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து ஏற்றிவிட்டான்.

நியாயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், ஏறியவர்கள் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. ரயில் அவர்களைப் படுத்திய பாடு அப்படி. தையல் கம்பெனியில் ஏழே முக்காலுக்குக் கார்டு அடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு. வேன் மெயின் ரோட்டைப் பிடித்து நாற்பது நிமிஷத்தில் கொண்டுபோய் விடுகிறது, அதுவும் கம்பெனி வாசலில். இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து நாம் யோசிக்கலாம். சன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு யோசிக்க வரவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது போகிறவர்களின் முதுகு மட்டும்தான்.

கணக்கு வாத்தியார் போனார். வாரத்தில் மூன்று நாள் அவர் தாமதமாக ஓடிவருவார். இவள் வெளியே வந்து கடைசிப் பெட்டியில் நிற்கும் ரயில் கார்டுக்குக் கையைக் காட்டி வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்பாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர் போனார். அவர் மறந்துவிட்டுப் போன குடை இன்னும் இவள் அறை மூலையில்தான் இருந்தது. எல்லோருக்கும் பின்னால் காஜாக்காரி வந்தாள். தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். இவளுக்கு உயிர்ச் சிநேகிதி. தினமும் சன்னலுக்கு உள்ளே கையை நீட்டி, "அக்கா, வாய்ல போட்டுக்க," என்று எதையாவது திணித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அவள் சன்னல் பக்கம் வந்ததும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்தக் குடையைத்தான் டிக்கெட்டக்காவால் தாங்க முடியவில்லை. நேரே பார்த்து, "அக்கா, இன்னிக்கு அதுல போறேன்" என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அன்று விற்றது இருபத்திரண்டு. மறுநாள் பதினைந்து. பதினெட்டு சீட்டு வேனில் முப்பது பேரை அடைத்துக்கொண்டு ஒரு நடை போனவன், மறுநாள் கூட்டாளி ஒருவனின் வேனையும் சேர்த்து இறக்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் வழக்கம்போல அண்ணி வீட்டுப் படியேறி வந்து உட்கார்ந்தான். தட்டு வரவில்லை.

"உனக்கு இங்க ஒலை வெக்கல."

"என்ன அண்ணி இது. தொழில் வேற, குடும்பம் வேற."

"அப்படியா? என் தட்டுல சாப்ட்டுக்கிட்டே என் பொழப்பைப் பத்தி விசாரிச்சியே, அது தொழிலா குடும்பமா?"

"நான் இல்லன்னா இன்னொருத்தன் ஓட்டுவான். ரயிலு எப்படியும் நிக்கப்போறதில்ல அண்ணி. இன்னிக்கு இல்லன்னா அடுத்த வருஷம். அதுக்கு நாம ஏன் அடிச்சுக்கணும்?"

"ரெண்டு வாரம் சும்மா ஏத்திட்டு, வண்டி நின்ன மறுநாள் எவ்வளவு வாங்கப்போற? அதையும் அந்த அட்டையில எழுதேன் பாப்போம்."

அவன் எழுந்துகொண்டான். கேட்காரர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சுபாவம் அது. தம்பி வெளியே போனதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அந்த வாசப்படிய நீங்க மிதிக்கக் கூடாது. அந்த வீட்டுத் தண்ணிகூட உங்க வாய்ல படக்கூடாது. பட்டா அப்படியே அங்கேயே இருந்துக்குங்க."

"சரிம்மா."

"சரி சரின்னு சொல்லிட்டே இருங்க. கேட்டு உங்க கையிலதானே இருக்கு?"

"அதுக்கென்ன?"

"புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யுங்க. அது போதும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி விளக்கைப் பார்த்தார்.

ஸ்டேஷனிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஸ்டேஷனுக்கும் கேட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். கேட்டு விஷயத்தில் ரயில்வே புத்தகம் சொல்வது ஒன்று, கேட்காரர் பதினோரு வருஷமாகச் செய்துவந்தது வேறொன்று. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போன் வரும், வண்டி கிளம்பப்போகிறது என்று. புத்தகப்படி உடனே கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு, பூட்டியதற்கு அடையாளமாக ஒரு நம்பரைப் போனில் சொல்ல வேண்டும். கேட்காரர் நம்பரை முதலில் சொல்லிவிடுவார். கேட்டு திறந்தே இருக்கும். திருப்பத்தில் ஊதல் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்துபோய்ச் சாத்துவார். அவசரத்தில் போகிறவர்களை அநாவசியமாக நிறுத்துவானேன் என்கிற நல்ல எண்ணம். ஊரே அவரைத் தங்கமான மனுஷன் என்றது. வெளியே தெரிந்தால் வேலை போகிற தப்பு அது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"காலங்காத்தால கூட்ஸ் ஒண்ணு, அதுக்குப் பின்னாடியே பாசஞ்சர்," என்றாள் அவள். "ஆறே காலுக்குச் சாத்தினா ஆறே முக்கால் வரைக்கும் தொறக்கவே வேண்டாம். நான் கணக்குப் போட்டுட்டேன்."

"அவன் என் தம்பிம்மா. வேன்ல உக்காந்திருக்குற ஜனங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் தப்புப் பண்ணச் சொல்லலியே. பதினோரு வருஷமா பண்ணின தப்பை நிறுத்தச் சொல்றேன்."

புதன்கிழமையும் கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். அவள் பதினான்கு டிக்கெட் விற்றாள்.

அந்தப் புதன்கிழமைதான் வேன்காரன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். கேட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளே இருந்தவர்களுக்குக் காட்டினான்.

"பாத்துக்குங்க. எங்கண்ணன். நம்ம கம்பெனி வாட்ச்மேன். சம்பளம் மட்டும் ரயில்வேக்காரன் குடுக்குறான்."

வேன் முழுக்கச் சிரித்தது. கணக்கு வாத்தியார் சிரித்தது தனியாகக் கேட்டது. கேட்காரரும் கூடச் சிரித்தார். கொடியைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ரயில்வே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்த்து ஊர் ஜனம் சிரித்துவிட்டுப் போகிறது, சிரிக்க வைத்தது கூடப் பிறந்தவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் அலமாரியைத் திறந்து, பிரிக்காமல் கிடந்த விதிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அவருக்கு முட்டை ஒன்று கூடுதலாகப் பொரித்துப் போட்டாள்.

வியாழக்கிழமை ஆறு பதினாறுக்குப் போன் அடித்தது. கேட்காரர் எழுந்தார், சாத்தினார், பூட்டினார், பிறகு நம்பரைச் சொன்னார். ஆறு இருபத்தைந்துக்கு இரண்டு வேனும் வந்து கேட்டின் முன்னால் முட்டிக்கொண்டு நின்றன.

"அண்ணே, தொறண்ணே."

"நம்பர் குடுத்தாச்சு."

"என்னைக்கு நீ நம்பர் குடுக்காம இருந்த? தொற, ஒரு நிமிஷத்துல ஓடிடறேன்."

"நம்பர் குடுத்தா தொறக்கக் கூடாது. புத்தகத்துல இருக்கு. வேணும்னா காட்டட்டுமா?"

"விளையாடுறியா?"

"வாட்ச்மேன் என்னடா விளையாடப் போறேன்?"

வேனுக்குள் இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூட்ஸ் வண்டி வந்தது. நிலக்கரிப் பெட்டிகள், எண்ணினால் ஐம்பதுக்கு மேல், நடைபயணம் போகிற வேகத்தில் உருண்டன. அது போய் முடிந்ததும் பாசஞ்சர் ஸ்டேஷனில் நின்று, கிளம்பி, அவர்கள் மூக்குக்கு முன்னாலேயே போயிற்று. சன்னலோர சீட்டெல்லாம் காலி. தையல் கம்பெனிப் பெண்கள் கையிலிருந்த கடிகாரத்தையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டிக்கெட்டக்கா நடைமேடை நுனிவரை நடந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு அந்தக் காட்சியை வண்டியின் கடைசிப் பெட்டி மறையும்வரை நின்று பார்த்தாள். வயிறு குளிர்ந்தது என்பார்களே, அது அன்றைக்கு அவளுக்கு நடந்தது.

வேன்காரன் என்னென்னவோ செய்து பார்த்தான். ஆறு மணிக்கே கிளம்பலாம் என்றான். குழாயில் தண்ணீர் வருவதே ஆறு மணிக்குத்தான் என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். வாய்க்கால் கரைப் பாதையில் விட்டுப் பார்த்தான். வேனின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி, வாத்தியார் உட்பட எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. கேட்காரர் வேண்டுமென்றே சாத்துகிறார் என்று மேலே எழுதிப் போட்டான். மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர், இந்தத் தடத்திலேயே விதிப்படி வேலை செய்கிற ஒரே கேட் இதுதான் என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார். அதை டிக்கெட்டக்கா முற்றத்தில் நின்று, வேன் கழுவுகிறவன் காதில் விழும்படி இரண்டு தடவை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்று விற்றது. சனிக்கிழமை ஐம்பத்தைந்து. அடுத்த திங்கள், செவ்வாயில் அறுபதைத் தாண்டியது. ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகச் சன்னலுக்குத் திரும்பி வந்தார்கள். இதோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திரும்பி வந்தவர்களை அவளால் சும்மா விட முடியவில்லை. கேட்டைப் புத்தகப்படி ஆக்கியவள், சன்னலையும் புத்தகப்படி ஆக்கினாள். சரியான சில்லறை இருந்தால்தான் டிக்கெட். வரிசை கோணினால் டிக்கெட் இல்லை. வண்டி வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சன்னல் மூடப்படும் என்று ஒரு விதி இருக்கிறது. பதினோரு வருஷமாக அந்த விதியை எலிகூடச் சீண்டியதில்லை. இப்போது ஆறு முப்பத்தைந்துக்கு மரக்கதவு படார் என்று விழுந்தது. ஓடிவந்த வாத்தியாருக்காக அவள் கார்டுக்குக் கையைக் காட்டவில்லை, வண்டி போன பிறகு சன்னலைத் திறந்து, "என்ன சார், வேன் போயிடுச்சா?" என்று கேட்டாள். காஜாக்காரி ஒரு நாள் வந்து, பழையபடி கையை உள்ளே நீட்டி, ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"எதுக்கு இது?"

"உனக்குத்தான்க்கா. கோவமா இருக்க."

"சன்னலுக்குள்ள டிக்கெட்டுக் காசு மட்டும்தான் வைக்கலாம். எடுத்துக்க."

"மூணு தடவை லேட்டாயிடுச்சுக்கா எனக்கு. சூப்பர்வைசர் நிக்க வெச்சுக் கேக்குறான். ரயிலு ஒழுங்கா வந்தா நான் ஏன் போறேன்? உன்னை விட்டுப் போகணும்னா போனேன்?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு. அடுத்த ஆளு."

ஜனங்களுக்கும் சூடு சொரணை உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் கரை வழியாகப் போகத் தொடங்கினார்கள். சிலர் சாத்திய கேட்டுக்குக் கீழே குனிந்து நடந்து, மெயின் ரோட்டில் பஸ் பிடித்தார்கள். இன்னும் சிலர், இந்த அம்மாவிடம் பேச்சு வாங்குவதைவிட லேட்டாகப் போவது மேல் என்று மறுபடி வேனிலேயே போய் உட்கார்ந்தார்கள். ஐம்பத்தெட்டு, நாற்பத்தேழு என்று இறங்கி, பதினோராம் நாள் முப்பத்தெட்டுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அவள் கூட்டிப் பார்த்தாள். நானூற்று முப்பத்தொன்பது. கடைசி நாள் நாற்பத்தொன்று விற்றாக வேண்டும்.

"சிரிச்ச முகமாக் குடும்மா," என்றார் கேட்காரர். "ஒரே ஒரு நாள். உன் ரூம் நிக்கணும்."

"எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குதே, என்ன செய்ய? அந்த மூஞ்சிங்களைப் பாத்தாலே குடை ஞாபகம் வருது."

"அதை மனசுல வெச்சுக்கிட்டே இருந்தா எப்படி?"

"நீங்க வாட்ச்மேனை மறந்துட்டீங்களா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. விடியும்போதே அடர்ந்த மழை. இன்ஸ்பெக்டர் முந்தின ஊரிலிருந்து ஆட்டோவில் வந்து, அறைக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவள் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். ஆறு மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். மிஷினில் அட்டையை நுழைத்து டக்கென்று தேதி அடித்துக் கொடுத்தாள். ஆறு இருபதுக்குப் பதினெட்டு. கீழே இரண்டு வேனும் நிரம்பிக் கிளம்பிப் போனது அவளுக்குத் தெரிந்தது. ஆறரைக்கு இருபத்தொன்பது. அதற்குப் பிறகு நாலு பேர். முப்பத்துமூன்று.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு வேணும் இல்ல?"

"ஆமா சார்."

ஆறு முப்பத்தைந்து ஆயிற்று. அவள் மரக்கதவின் கொக்கியில் கையை வைத்தாள். அப்போதுதான் கேட்டுப் பக்கத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் ஒரு கும்பல் மழையில் ஓடிவருவது தெரிந்தது. சாப்பாட்டுப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக் கல்லில் தடுமாறிக்கொண்டு. முன்னால் வாத்தியார். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர். தையல் பெண்கள். எண்ணிப் பார்த்தாள். பதினான்கு பேர்.

வேன் மாட்டிக்கொண்டது, இப்போது இங்கே ஓடிவருகிறார்கள் என்று நினைத்தாள். போக்கிடம் இல்லாதபோதுதான் இவர்களுக்கு நான். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது, கசக்கவும் செய்தது.

வாத்தியாரை முந்திக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தது காஜாக்காரி. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கையைச் சன்னலுக்குள் நீட்டினாள். கையில் சரியான சில்லறை.

"அக்கா, பதினாலு பேரு. ஒவ்வொண்ணா அடி. உனக்கு ஆயிடும்க்கா. நாப்பதுக்கு மேல ஆயிடும்."

டிக்கெட்டக்கா அந்தக் கையைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். பிறகு முகத்தைப் பார்த்தாள். குடைக்குள் ஒளிந்த முகம் இப்போது மறைக்க ஒன்றும் இல்லாமல் நனைந்து நின்றது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பன்னிரண்டு நாளாகக் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நேரம் முடிஞ்சு போச்சு."

"என்னக்கா?"

"ஆறு முப்பத்தஞ்சுக்குச் சன்னல் மூடணும். இப்ப முப்பத்தாறு. கையை எடு."

"அக்கா, உன் ரூமுக்குத்தான்க்கா..."

"கையை எடுன்னு சொன்னேன்."

கையை எடுத்தாள். கதவு விழுந்தது.

வெளியே யாரோ மரக்கதவைத் தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "ஏம்மா, பைத்தியமா உனக்கு? தொறந்து குடும்மா. வண்டி வர இன்னும் நேரம் இருக்கு. நான் ஒண்ணும் பாக்கல."

"நீங்க பாக்கலன்னா நான் பாக்குறேன் சார். பதினோரு வருஷம் ரூல் பாக்காம வித்தேன். எனக்குக் கெடச்ச மரியாதை போதும்."

"எட்டு டிக்கெட்டும்மா. உன் வேலை."

"என் வேலைதானே சார். உங்க வேலை இல்லியே."

வண்டி வந்தது. வெளியே இருந்தவர்கள் என்ன செய்வார்கள், டிக்கெட் இல்லாமலே ஏறினார்கள். நகரத்தில் இறங்கும் இடத்தில் அந்த வாரம் செக்கிங் என்று அவளுக்குத் தெரியும், அதையும் நினைத்துக்கொண்டாள். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தபோது, முப்பத்துமூன்று டிக்கெட்டுக்கு நாற்பத்தேழு பேரோடு வண்டி அந்த ஊரைவிட்டுக் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் தாளில் முப்பத்துமூன்று என்று எழுதி, கீழே மொத்தம் நானூற்று எழுபத்திரண்டு என்று போட்டு, அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. போனால் போகட்டும் என்று இருந்தது. இனி வேன்காரனுக்கு முப்பது பேர் கிடைப்பார்கள், கேட்டும் அவனுக்காகச் சாத்தியே இருக்கும், வருஷம் முழுக்க. அதை நினைத்துக்கொண்டே அரிசி களைந்தாள்.

ஒரு மணிக்கு ட்யூட்டி முடிந்து கேட்காரர் வந்தார். மழையில் ஊறிப்போயிருந்தார். ஆனால் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. தலையைத் துவட்டக்கூட இல்லை.

"எவ்வளவும்மா ஆச்சு? நாப்பத்தஞ்சா, ஆறா?"

"எது?"

"அட, டிக்கெட்டு. பதினாலு பேரை எண்ணித்தானே அனுப்பினேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க அனுப்பினீங்களா?"

"பின்ன, தானா எறங்குவாங்களா? பத்து நிமிஷம் யோசிச்சேன் போகலாமா வேணாமான்னு. சிரிச்ச ஜனங்கதானே, போய் நின்னா மறுபடி சிரிப்பாங்கன்னு இருந்துச்சு. அப்பறம் கேட்டைத் தாண்டி வேன்கிட்டப் போயிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன்மா. இன்னிக்குக் கடைசி நாளு, என் வீட்டுக்காரி ரூமு போயிடும், கூட்ஸு போறதுக்கு நேரமாகும், ஓடிப்போய் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்து ரயிலு ஏறிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்னேன். மொதல்ல அந்த காஜாப் பொண்ணுதான் எறங்குச்சு. அவதான் எல்லாரையும் கெளப்பி விட்டா. சின்னவன் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அப்பறம் அவனே கதவைத் தொறந்து விட்டான்."

அவர் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே மறுபடி கேட்டார். "சொல்லேன். மொத்தம் எவ்வளவு?"

"எட்டு கொறயுது."

"எப்படிக் கொறயும்? பதினாலு பேரு ஓடினதை என் கண்ணால பாத்தேன்."

"வந்தாங்க. நான் சன்னலைச் சாத்திட்டேன்."

அவர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நேரமாயிடுச்சுங்க. முப்பத்தஞ்சுக்கு மூடணும்னு புத்தகத்துல..." என்று தொடங்கியவளுக்கு, தன் குரலே யாருடையதோ மாதிரி கேட்டது. நிறுத்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு உன் முன்னாடி நின்னுச்சா?"

"நின்னா."

"கையில காசு வெச்சிருந்துச்சா?"

"வெச்சிருந்தா."

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். கை கால் கழுவினார். அவள் தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, பக்கத்தில் தண்ணீரையும் வைத்தாள். முட்டை இரண்டு வைத்தாள். அவர் தட்டைத் தொடாமல் சுற்றிக் கடந்து வாசலுக்கு நடந்தார். மழை விட்டிருந்தது. முற்றத்தில் வேன் நின்றிருந்தது. அதைத் தாண்டி எதிர்ப்படியில் ஏறினார்.

"டேய், சோறு இருக்கா?" என்று கேட்பது அவளுக்குக் கேட்டது.

"வாண்ணே," என்றான் தம்பி. "உக்காரு. ஏய், அண்ணனுக்குத் தட்டு எடு."

அன்றைக்கு மத்தியானம் கேட்காரர் தம்பி வீட்டில் சாப்பிட்டார்.